முதல் மணிக்கே எழுந்தவள்

நேற்று முதல் பாட மணி அடித்ததும், தேயிலைத் தோட்டத்திலிருந்து நான் பாடம் நடத்தும் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறுமி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவளைப் பார்த்ததும் நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அவர் தட்டினால் வீட்டுக்குப் போகலாம். மாத்தளை டவுனில், இதே அரசாங்கப் பள்ளிக்கூடத்தில், பாடத்துக்குப் பாடம் மணி என்று எனக்கு யார் சொன்னார்கள்? சேர்க்கும் பரீட்சையில் பாதிக் கணக்குத்தான் முடிந்திருந்தது. மணி கேட்டதும் ஓடிவந்துவிட்டேன்.

கேட்டருகே நின்ற அப்பாவின் முகம் வெளுத்தது. “என்னடி, வேணாம்னுட்டாங்களா?”

“மணி அடிச்சிருச்சுப்பா.”

“அப்ப மத்த புள்ளைங்க எங்க?”

திரும்பினேன். ஒருவரும் வரவில்லை. இடம் கிடைக்காவிட்டால் அக்காவைப் போல நானும் கொழுந்துக் கூடை தூக்க வேண்டும். பெரிய வாத்தியார் பிரம்போடு வந்துகொண்டிருந்தார். அப்பா தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கினார்.

“தோட்டத்துப் புள்ள சார், தெரியாம வந்திருச்சு.”

“அங்க எத்தன மணி அடிப்பாங்க?”

“ஒண்ணுதாங்க சார்” என்றேன்.

“இங்க எட்டு. எட்டாவதுக்கு ஓடு. இப்ப போய் மிச்சத்த எழுது.”

எழுதினேன். அடுத்த மணி அடித்தபோது மேசையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“உக்காரும்மா, இது வீட்டுக்குப் போற மணியில்ல” என்றேன் நேற்று. அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் மேசை விளிம்பிலிருந்து என் கைகளை எடுத்தேன்.