அரை முழம் செவ்வந்தி

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்குப் பூக் கொண்டுவருவார் ஒருவர். பெயர் கேட்டதில்லை. நெற்றியில் பளிச்சென்று நாமம், காதில் செருகிய துளசி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், குடிலைச் சுற்றிக் கட்ட ஐந்து முழம் செவ்வந்திச் சரம் கொண்டுவருவார். அம்மா அதைத் தன் கையால் அளந்து, அரை முழம் குறைகிறதென்று சண்டை போட்டு மீதியை வாங்குவாள். வருஷம் தவறாத சண்டை.

அந்த வருஷம் அம்மாவுக்கு என் பெயரே நினைவில்லை. பலகாரம், குடில், நட்சத்திர விளக்கு எல்லாவற்றையும் கைக்குழந்தையோடு நானே செய்தேன். எதையாவது விட்டுவிடுவேனோ என்று ஒரே பயம். பூக்காரரிடம் முன்கூட்டியே, "அம்மாவுக்கு முடியலை. இந்தத் தடவை சண்டை வேண்டாம், சரியா அளந்து கொண்டாங்க" என்றேன். தலையாட்டினார்.

வந்தவர் சரத்தை என்னிடம் தராமல் அம்மா மடியில் வைத்தார். அம்மா வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு முழங்கையை நீட்டி அளந்தாள்.

"நாலரைதான் இருக்கு! வருஷா வருஷம் இதே வேலையாப் போச்சுய்யா உனக்கு!"

"பெருமாள் சத்தியமா அஞ்சும்மா."

"அப்ப உன் பெருமாளையே வந்து அளக்கச் சொல்லு!"

எனக்குக் கோபம் பொங்கியது. அவரோ கூடையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே அரை முழம், தனியாகக் கட்டி வைத்திருந்தார். அம்மா அதையும் அளந்து பார்த்துவிட்டு, "குடில் எங்கடி?" என்று என்னைக் கேட்டாள்.

அந்தப் பொட்டலம் எல்லா வருஷமும் கூடையில் இருந்ததா, தெரியவில்லை. நான் விட்டுவிடச் சொன்ன ஒன்றை அவர் விடவில்லை.