ஏழு பக்கெட்டில் குளித்த கிடார்

தொண்ணூறுகளின் மத்தியில், ஓர் அக்டோபர் மாதம். பெங்களூரில் நாள் முழுவதும் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருக்கும் காலம். நான் பீன்யாவில் ஸ்டீல் பீரோவும் மின்விசிறிக் கூண்டும் செய்கிற ஒரு தொழிற்சாலையில், பெயின்ட் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம்.

நவம்பர் ஒன்றாம் தேதி கன்னட ராஜ்யோத்சவம், கர்நாடக மாநிலம் உருவான நாள். எங்கள் தொழிற்சாலையில் வருடா வருடம் வெளியிலிருந்து ஆர்கெஸ்ட்ராவை அழைத்து வந்து கொண்டாடுவார்கள். அந்த வருடம்தான், நமக்குள்ளேயே பாடுகிறவர்கள் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்களே, நாமே செய்வோம் என்று முடிவானது. ஊரில் மெல்லிசைக் குழுவில் நான்கு வருடம் பேஸ் கிடார் வாசித்தவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான்கே தந்திகளோடு, பாட்டுக்கு அடியில் தும் தும் என்று நிற்கும் வாத்தியம் அது. தொழிலாளர்கள் எல்லோரும் சேர்ந்து பழைய பேஸ் கிடார் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். விலை மலிவு, கறுப்பு பெயின்ட் உரிந்து போயிருந்தது. ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு இரைச்சல் வேறு.

அதை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இரைச்சலை நிறுத்தி, புது பெயின்ட் அடித்து, கன்னடக் கொடியின் சிவப்பும் மஞ்சளுமாக மேடைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் ஒரு கணம் யோசித்தார். எதற்கும் எளிதில் தலையாட்டாத மனிதர் அவர். பெயின்ட் பிரிவுக்காரன் சொல்கிறானே என்று கொடுத்து அனுப்பினார். விழாவுக்குப் பத்து நாள் இருந்தது.

முதல் வேலை நன்றாகவே நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தத்தையும் வயர்களையும் சுற்றிக் கவசம் இருந்தால் இரைச்சல் போகும் என்று எலெக்ட்ரிக்கல் பிரிவில் சொன்னார்கள். டீக்கடையில் நின்று சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளைச் சேர்த்தேன். அந்தப் பள்ளம் முழுக்க ஒட்டி, ஒரு வயரால் எர்த்தோடு இணைத்து, நண்பர் ஒருவருடைய ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பார்த்தால் இரைச்சல் அடங்கிவிட்டது. அதோடு எனக்குத் தலைகால் புரியாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை தந்திகளையும் காந்தத்தையும் கழற்றினேன். வெள்ளித்தாளையும் உரித்தெடுத்துப் பத்திரப்படுத்தினேன். நான்கு ஸ்க்ரூவைத் திருகி நீண்ட கழுத்தையும் பிரித்து வைத்தேன். மிச்சமிருந்த உடம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். மதியத்துக்குள் கறுப்பு முழுக்கப் போய், உள்ளே அடுக்கடுக்காக ஒட்டிய ப்ளைவுட் தெரிந்தது. அதைப் பார்த்தும் எனக்கு எந்த எச்சரிக்கையும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பில் பவுடர் பெயின்ட் ஏற்ற வேண்டும் என்றால் முதலில் ஏழு தொட்டிகளில் வரிசையாக முக்கி எடுக்க வேண்டும். எண்ணெய் நீக்க ஒன்று, கழுவ ஒன்று, துரு நீக்க ஒன்று, மறுபடி கழுவ ஒன்று என்று போகும். ஒரு தொட்டியைத் தவறவிட்டாலும் பெயின்ட் உரிந்துவிடும். இது எங்களுக்கு வேதம். ஆறு வருடம் அதையே செய்த எனக்கு, பெயின்ட் என்றால் ஏழு தொட்டி, அவ்வளவுதான்.

வீட்டில் இரண்டு பக்கெட் இருந்தது. மனைவியை அனுப்பி அக்கம்பக்கத்தில் ஐந்து பக்கெட் இரவல் வாங்கி வரச் செய்தேன். வீட்டில் என்ன விசேஷம் என்று நாலு பேர் கேட்டார்களாம். முற்றத்தில் வரிசையாக வைத்து, முதல் பக்கெட்டில் சோப்புத் தண்ணீர், மூன்றாவதில் புளித் தண்ணீர், ஐந்தாவதில் சமையல் சோடா, கடைசியில் வெந்நீர் என்று நிரப்பினேன். ஆறாவதில் என்ன ஊற்றுவது என்று தெரியவில்லை. எண்ணிக்கை குறையக் கூடாது என்று அதிலும் தண்ணீரையே ஊற்றினேன்.

என் மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மரத்த ஊற வெக்கலாமா? மழையில நனைஞ்சா நம்ம பாத்ரூம் கதவே மூட மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. கதவு வேறு, இது தொழில்நுட்பம் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். பக்கெட்டில் கிடார் முழுதாக இறங்காததால் ஒரு பாதியை முக்கி, ஐந்து நிமிடம் பிடித்து, திருப்பி மறு பாதியை முக்கினேன். ஏழு பக்கெட்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிந்ததும் துண்டால் துவட்டினேன். குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்த மாதிரி எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் திங்கள்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்ட். விடியற்காலையில் தொட்டுப் பார்த்தால் ஈரம் காயவே இல்லை, வெளியே தூறல். தொழிற்சாலையில் என்றால் முக்கி எடுத்த இரும்பை சூட்டடுப்புக்குள் அனுப்பிவிடுவோம். எங்கள் வீட்டுக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் பொதுவான குளியலறையில் தேங்காய் மட்டை எரித்து வெந்நீர் போடும் பெரிய செம்பு ஹண்டே, நம் ஊர் அண்டா, இருந்தது. அடுப்பைப் பற்ற வைத்து, அதற்கு மேலே கொடிக்கயிற்றில் கிடாரைக் கட்டித் தொங்கவிட்டு, காபி குடிக்கப் போனேன்.

எட்டு மணி வாக்கில் வீட்டுக்கார அம்மா குளிக்கப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, குளியலறையில் ஏதோ ஒன்று வாயைத் திறந்துகொண்டு தொங்குகிறது, உன் வீட்டுக்காரரை வந்து பார்க்கச் சொல் என்று என் மனைவியிடம் சொன்னார்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். பேக்கரியில் வைத்திருக்கும் பஃப் மாதிரி அடுக்கடுக்காக விரிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அடுக்கு டப்பென்று விட்டது.

அது என் கிடார் இல்லை. எல்லோரும் சேர்ந்து வாங்கியது. விழாவுக்கு எட்டு நாள்கூட முழுதாக இல்லை. காவிரி பற்றி யாராவது பேச்செடுத்தால் நாங்கள் தமிழ்க்காரர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து மூடிக்கொண்டு பேசாமல் இருந்த காலம் அது. அவர்களுடைய பண்டிகைக்கு இருந்த ஒரே பேஸ் கிடாரை ஒரு தமிழ்க்காரன் நாசம் செய்துவிட்டான் என்று வந்தால் நான் எந்த முகத்தோடு வேலைக்குப் போவேன். என் மனைவி நேற்றே சொன்னேனே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றும் மறுநாளும் ஷிப்டுக்கு முன்னால் மரக்கடை மரக்கடையாக அலைந்தேன். இது ப்ளைவுட், இனி அடுப்புக்குத்தான் என்றார்கள். வாத்தியக் கடையில் புதிது காட்டினார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் சர்ச் பாடகர் குழுக்களில் பேஸ் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரையாவது தெரிந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். புதன்கிழமை கிடாரை வெள்ளைப் படுக்கை விரிப்பில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட கடையின் வாசலில் ஒதுங்கினேன்.

கடைக்குள்ளே இருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். என்னையும் என் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"உள்ள வாங்கண்ணா, நனையாதீங்க," என்று மிகவும் மெதுவாகச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மேசையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, என் மடியில் இருந்த வெள்ளை மூட்டையின் பக்கத்தில் குனிந்தார். அப்போதுதான் நான் நிமிர்ந்து சுவர்களைப் பார்த்தேன். பெரிதும் சிறிதுமாகச் சவப்பெட்டிகள்.

அவசரமாக விரிப்பைப் பிரித்துக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் கிடாரையே பார்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு மூச்சை விட்டார். அப்புறம் விரிந்து கிடந்த அடுக்குகளில் விரலை வைத்துப் பார்த்தார்.

"யாருண்ணா இத குளிப்பாட்டுனது?"

"நான்தாங்க. ஏழு பக்கெட்ல."

"எங்க கடைக்கு வர்றவங்களயே ஒரு தடவைதான்ணா குளிப்பாட்டுவாங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. நடந்ததை எல்லாம் அவரிடம் கொட்டினேன். கணவர் மரம் அறுப்பார், ஒட்டுவதும் பாலிஷும் தன் வேலை என்றார். எங்கள் ஏழு தொட்டியை அவர் கேலி செய்யவில்லை, கவனமாகக் கேட்டார்.

"இரும்பு மேல தண்ணி நிக்கும்ணா, தொடச்சா போயிடும். மரம் உள்ள வாங்கிக்கும். ஒங்க வேல தப்பில்ல, ஆளு மாறிப்போச்சு."

கிடாரை இரண்டு நாள் நிழலில் காய வைத்தார். பிறகு நான் போன அன்று, மெல்லிய கத்தியால் ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் பசையைத் தள்ளி, இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து ஆறு கிளாம்புகளால் இறுக்கினார். அவர் பிடி என்ற இடத்தில் நான் பிடித்தேன், அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. மேலே அரக்குப் பாலிஷ் போட்டார். கடையில் இருந்த சாயம் தேக்குக்கு அடிக்கும் செம்பழுப்பு ஒன்றுதான். ஓரத்தில் மட்டும் இரண்டு அடுக்குகள் சரியாக மூடவில்லை. அவர் கொஞ்சம் யோசித்து, பெட்டிகளின் ஓரத்தில் ஒட்டும் தங்க நிற ஜரிகை லேஸை எடுத்துச் சுற்றிலும் ஒட்டினார். விழாவுக்கு அவசியம் வர வேண்டும் என்று அழைத்தேன். எந்த நேரம் யார் வருவார்கள் என்று தெரியாத கடை, பூட்டவே முடியாது என்றார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து வெள்ளித்தாளைத் திரும்ப ஒட்டி, காந்தத்தையும் கழுத்தையும் தந்திகளையும் மாட்டினேன். விழா மேடையில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், செம்பழுப்பு சிவப்பாகத் தெரிந்தது, லேஸ் மஞ்சளாக மின்னியது. சொன்ன மாதிரியே கொடி நிறத்தில் கொண்டு வந்துவிட்டான் என்று கைதட்டினார்கள். எனக்கோ ஒவ்வொரு முறை தந்தியைத் தட்டும்போதும் காது அந்த ஓரத்து அடுக்குகளிலேயே இருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் டப்பென்று ஒரு சத்தம். என் கை அப்படியே நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தையின் பலூன் உடைந்திருந்தது. ஒரு சுற்று பேஸ் இல்லாமலே போனது, யாரும் கவனிக்கவில்லை, என் மனைவியைத் தவிர. மற்றபடி அன்று அந்தக் கிடார் இரைச்சல் இல்லாமல், கனமாக, அழகாகப் பேசியது.

நிகழ்ச்சி முடிந்ததும் சூப்பர்வைசர் வந்து லேஸைத் தடவிப் பார்த்தார். எங்கே வாங்கினாய் என்றார். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கடை என்று சொல்லி நழுவினேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பெண் பேச்சுவாக்கில், விலை குறைந்த பெட்டிகளின் இரும்புக் கைப்பிடிகள் மழைக்காலத்தில் துருப்பிடித்துப் போகின்றன என்று சொல்லியிருந்தார். அது என் வேலை. ஒரு பை நிறைய கைப்பிடிகளை வாங்கி வந்து, எங்கள் ஏழு தொட்டியில் முறையாக முக்கி, மின்விசிறிக் கூண்டுகளுக்கு நடுவில் கொக்கியில் மாட்டி அனுப்பினேன். அவை பளபளவென்று சூட்டடுப்பிலிருந்து வெளியே வந்து ஆறும் நேரத்தில் சூப்பர்வைசர் அங்கே நின்றுகொண்டிருந்தார். ஒரு கைப்பிடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

இனி மறைக்க முடியாது என்று பக்கெட் முதல் கிளாம்ப் வரை எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தேன். அவர் கைப்பிடியைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு, கன்னடம் கலந்த தன் தமிழில் கேட்டார்.

"ஆ லேஸும் அந்தக் கடைதானா?"

ஆமாம் என்றேன்.

"அடுத்த வருஷம் ஸ்டேஜுக்கும் அங்கயே வாங்கு. பாடற ஆளுக்கு மட்டும் ஹேளபேடா, சொல்லாதே, அவன் பயப்படுவான்."

அவர் யாருக்கும் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரே வாரத்தில் தொழிற்சாலை முழுக்க என் பெயர் 'ஏழு பக்கெட்' ஆகிவிட்டது. கன்னடக்காரர் தமிழ்க்காரர் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள். அதன் பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் அவர்களோடு பேச ஆரம்பித்தேன். அடுத்த வருட மேடை முழுக்க அந்த லேஸ் மின்னியது.

இப்போது அந்த வேலையில் இல்லை, கிடார் யாரிடம் இருக்கிறதோ தெரியாது. அதற்குப் பிறகு இரும்பில்லாத எத்தனையோ என் கைக்கு வந்துவிட்டன, பெற்ற பிள்ளைகள் உட்பட. எதையும் எனக்குத் தெரிந்த ஏழு பக்கெட்டில் தூக்கி முக்குவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிற பயம் அந்த மழை நாளில்தான் எனக்கு வந்தது, இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.