தபசு மரம் ஏறாத அர்ஜுனன்

எங்கள் ஊர் பாரதக் கூத்துக்கு இந்த வருஷம்தான் முதல்முறையாக டிக்கெட். அர்ஜுனன் வேஷத்துக்கு டிவி சீரியல் ஹீரோவைக் கூட்டி வந்ததால் நாற்காலி எல்லாம் விற்றுவிட்டது.

இன்று அர்ஜுனன் சிவனிடம் பாசுபதம் வேண்டித் தபசு மரம் ஏற வேண்டும். பனை உயரம்.

ஹீரோ அண்ணாந்து பார்த்தார். "அக்ரிமெண்ட்ல இது இல்லையே சார்."

ஆந்திர எல்லையில் தடாவில் வேலை பார்க்கும் கம்பெனிக்கு லீவு போட்டு, டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்க வந்திருந்த பழைய அர்ஜுனன் முருகேசன்தான் கடைசியில் ஏறினார். மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசினார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நின்றார்கள்.

மகளுக்காக வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு பழம் கிடைத்தது.

"ஹீரோவப் பாக்கத்தானேக்கா வந்தே?" என்று கேட்டேன்.

"அவரு கூட செல்ஃபி எடுத்துக்கினேன்பா. பழம் மட்டும் ஏறினவன் கையாலதான். வரத்துல போயி வெளையாடுவாங்களா?"

முருகேசனுக்கு டிக்கெட் காசைத் திருப்பித் தருவார்களா? கமிட்டியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.