சித்தியின் கொம்பில்லாத வீரன்

ரோமப் படை பாதி உலகத்தைப் பிடித்தது என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. என் சித்தி அந்தக் காலத்தில் பிறக்கவில்லை, அதனால் பிடித்தது. பிறந்திருந்தால் மலையுச்சியில் நின்று ஒரே ஒரு முறை முறைத்திருப்பாள். அத்தனை ஆயிரம் பேரும் கேடயங்களைப் போட்டது போட்டபடி ஊருக்கு ஓடியிருப்பார்கள். மிச்ச வாழ்நாள் முழுக்க ஆடு மேய்த்திருப்பார்கள். எதைக் கண்டு ஓடி வந்தாய் என்று பெண்டாட்டி கேட்டால் பேச்சை மாற்றியிருப்பார்கள். இதில் மிகை ஒன்றும் கிடையாது. அவளுக்குக் காபியை ஆறவிட்டுக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்க வந்த உறவுக்காரர்கள், அவள் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் வரத்து பற்றி விசாரித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. கேமில் ஓடுகிறவன் கையில் வாள் இருக்கிறதல்லவா, தலையில் கவசம் இருக்கிறதல்லவா? அவற்றை யாரோ ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளமும் மேடுமாகச் செதுக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் என் சித்தி.

இரண்டு வருஷமாக அவள் செதுக்கிக்கொண்டிருந்தது கெல்ட் வீரர்களின் சாமான்களை. பழைய ஐரோப்பாவில் ரோமர்களோடு முட்டி மோதிய பல கூட்டங்களுக்கு மொத்தமாக வைத்த பெயர் அது. அவர்களைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் அவர்களின் எதிரிகள்தான். நம் வீட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டு எதிரி எழுதினால் எப்படி இருக்கும் என்பாள் சித்தி. அதனால் அவள் நம்பியது மண்ணிலிருந்து தோண்டி எடுத்தவற்றை மட்டும்தான். துருப்பிடித்த வாளுறை, நெளிந்த ஈட்டிமுனை, பச்சை படிந்த ஒரு வெண்கலத் துண்டு. சாப்பாட்டு மேஜையில் அவற்றின் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, அம்மா தட்டு வைக்க இடம் கேட்டால் முறைப்பாள்.

அவள் வேலை செய்யும் விதம் தனி. திரையில் செய்வதற்கு முன்னால் எதையும் கையில் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். ஆணின் மார்பு வரை உயரமான நீள்வட்டக் கேடயத்தை ஒட்டுப்பலகையில் வெட்டினாள். பிடி, பின்பக்கம் நடுவில், குறுக்காக ஒரே ஒரு கட்டை. அதைச் சுற்ற என் ஸ்கூல் பையின் தோல்வாரை அறுத்துக்கொண்டாள். எனக்கும் அந்தப் பை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. தலைமையாசிரியர் படத்துக்கு மீசை வரைந்ததற்காக என்னை அப்போது வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஃப்ரிட்ஜுக்கும் வாசல் கதவுக்கும் நடுவில் இருக்கும் நடைபாதைதான் போர்க்களம். நான் கெல்ட். சித்தி ரோமப்படை முழுவதும். திரைச்சீலைக் கம்பியால் அவள் போட்ட போட்டில் தோல்வாரின் முடிச்சு என் உள்ளங்கையில் பதிந்து, கை வீங்கிவிட்டது. நான் போட்ட கூச்சலில் அவள் முடிச்சை அவிழ்த்து, கட்டைவிரலுக்கு வெளியே தள்ளிக் கட்டினாள். அதற்கப்புறம் வலிக்கவில்லை. வாளை இடுப்பின் வலப்பக்கம் சங்கிலியில் தொங்கவிட்டு, வலது கையாலேயே உருவுவது எப்படி என்றும் அங்கேதான் பழகினோம். உருவும்போது இரண்டு முறை ஃப்ரிட்ஜ் அடி வாங்கியது. அம்மா அதற்கு ஒரு துணியைப் போர்த்திவிட்டாள்.

இப்படியெல்லாம் செய்து முடித்த வீரனுக்குத்தான் கம்பெனி டைரக்டர் கொம்பு வைக்கச் சொன்னார்.

அந்த ஆளை நான் பார்த்ததில்லை. பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கேமின் விளம்பரப் படம் வெளியாகப் போகிற நேரம். தலைக்கவசத்தில் இரண்டு கொம்பு, தோளில் மிருகத்தோல், வெறும் மார்பு, முதுகில் குறுக்காக வாள். இவை இல்லாவிட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றாராம். முதுகில் மாட்டிய நீள வாளைக் கையை எவ்வளவு நீட்டினாலும் முழுசாக உருவ முடியாது என்று சித்தி மீட்டிங்கிலேயே திரைச்சீலைக் கம்பியை முதுகில் செருகிக்கொண்டு செய்து காட்டியிருக்கிறாள். கம்பி பாதியில் சிக்கிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். அது கேமில் சிக்காது மேடம் என்று டைரக்டர் சொன்னதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

கோபத்தில் சித்தி ஒரு தப்புச் செய்தாள். கொம்பு வைத்த கவசம் கெல்ட்டுகளிடம் கிடையவே கிடையாது என்று மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டாள். டைரக்டர் போனை எடுத்துத் தேடி, ஒரு படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆற்றுச் சேற்றில் கிடைத்த வெண்கலக் கவசம். இரண்டு பக்கமும் கூம்பாகக் கொம்பு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய விதத்திலேயே நாங்கள் கப்சிப் ஆகிவிட்டோம்.

“ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சிருக்குக்கா,” என்றாள் அம்மாவிடம். “எனக்குத் தெரியும் அது இருக்குன்னு. தெரிஞ்சும் கிடையவே கிடையாதுன்னு வாய விட்டுட்டேன். அது மெல்லிசுத் தகடு. ஊர்வலத்துக்குப் போட்டிருப்பான், இல்ல சாமிக்குன்னு ஆத்துல விட்டிருப்பான். சண்டைக்குப் போட்டுட்டுப் போனா ஒரே அடியில சப்பையாயிடும். இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கன்றான். இருக்குன்னேன். அப்ப எல்லாருக்கும் மாட்டுங்கன்றான்.”

“விளையாட்டுதானேடி, மாட்டினா மாட்டிட்டுப் போறான்,” என்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

சித்தி நேரே சமையலறைக்குள் போனாள். எவர்சில்வர் கிண்ணத்தையும் எண்ணெய் ஊற்றும் புனல்கள் இரண்டையும் எடுத்து வந்து, டேப் போட்டு ஒட்டி, என் தலையில் கவிழ்த்து, துடைப்பக்கட்டையால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். வெறும் கிண்ணமாக இருந்தால் கட்டை வழுக்கிக்கொண்டு போயிருக்கும். புனலில் மாட்டியதால் என் கழுத்து வாசல் பக்கம் திரும்பி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

“பாத்தியா,” என்றாள். “இதப் போட்டுக்கிட்டு எவனாவது சாகப் போவானா? அவங்க முட்டாள் இல்லக்கா. செத்துட்டாங்க, அவ்வளவுதான். செத்தவங்க வந்து கேக்க மாட்டாங்கன்னு எத வேணா மாட்டி விடலாமா? உன் போட்டோவுக்கு எவனாவது மீசை வரைஞ்சு, இதுதான் நெஜம்னு ஒட்டினா சும்மா இருப்பியா?”

மீசை விஷயத்தில் நான் கருத்து எதுவும் சொல்லவில்லை.

கொம்பு மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கற்பனைக் கதை என்று போட்டுவிட்டுத் தலைக்கு நாலு கொம்பு வைக்கட்டும், எனக்கென்ன என்பாள். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில், ‘ஒவ்வொரு ஆணியும் வரலாறு’ என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, ஆயுத ஆய்வு என்று சித்தியின் பெயர். பொய்யை நிஜம் என்று சொல்ல அவள் பெயர் ஜாமீன். கொம்பை எடுங்கள், இல்லை அந்த வரியை எடுங்கள், இரண்டும் முடியாது என்றால் என் பெயரை எடுங்கள் என்று மூன்று வழியையும் கேட்டுப் பார்த்தாள். கொம்பு ஆள் இழுக்கும், வரி மரியாதை தரும், பெயரை எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள், ஆகவே மூன்றும் இருக்கட்டும் என்றாராம் அந்த மகானுபாவர். அவள் மறுத்ததும், அவள் செய்த கவசத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துக் கொம்பை ஒட்டிவிட்டார்கள்.

விளம்பரப் படம் வெளியான சாயங்காலம் நாங்கள் மூவரும் டிவியில் பார்த்தோம். மழை, மின்னல், கொம்பு. வீரன் முதுகிலிருந்து வாளை உருவினான். சிக்கவில்லை. கேடயத்தை நீட்டிக்கொண்டு நம்மைப் பார்த்து ஓடி வந்தான். கடைசியில் ஆணிக்கும் வரலாற்றுக்கும் கீழே சித்தியின் பெயர் மினுங்கியது. அம்மா ஏதோ நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, மாடு மாதிரி கம்பீரமாக இருக்கிறான் என்றாள்.

சித்தி டிவியை அணைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். சாப்பிடக் கூப்பிடப் போன நான் கதவோரம் நின்றேன். தரையில் உட்கார்ந்து, ஒட்டுப்பலகைக் கேடயத்தை முன்னால் நிறுத்தி, அதற்குப் பின்னால் முகத்தை வைத்திருந்தாள். கேடயம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. திட்டிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டினால் சத்தம் வரும்.

ரோமப்படையையே ஓட வைக்கிறவளை ஓர் ஏசி ரூம் ஆள் இப்படி உட்கார வைத்தானே என்று எனக்கு ஆறவேயில்லை. எனக்கு வாள் பிடிக்கத் தெரியும், ஆனால் பஸ் ஏறிப் போய் அவரை வெட்ட முடியாது. எனக்கு நன்றாக வருவது ஒன்றுதான். பின்வாசலில் உட்கார்ந்து, ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஆனேன்.

இணையத்தில் அந்த விளம்பரத்தின் கீழே நான் எழுதியதை நானே மெச்சுகிறேன். ‘ஆயுள் முழுவதும் மண்ணைத் தோண்டிய முதியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்’ என்று ஆரம்பம். நடுவில் ஓர் இருமல்கூட இருப்பது போல வாக்கியத்தை உடைத்தேன். கொம்புக் கவசம் சடங்குக்கானது, போருக்கானது அல்ல. வாள் வலது இடுப்பில் தொங்கும், முதுகில் அல்ல. கேடயத்தின் பிடியில் தோல்வார் சுற்றி, முடிச்சைக் கட்டைவிரலுக்கு வெளியே கட்டுவார்கள். இதுகூடத் தெரியாதவர்களா ஆணியைப் பற்றிப் பேசுவது? ‘வெட்கத்துடன், ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவன்’ என்று போட்டு முடித்தேன். கையெழுத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூ படம்.

அது பிடித்துக்கொண்டது. ஐயா சொன்னது சரி என்று ஒரு கூட்டம், கேம்தானே தாத்தா போய்த் தூங்குங்கள் என்று ஒரு கூட்டம், தாத்தாவை மரியாதையில்லாமல் பேசிய கூட்டத்தை அடிக்க இன்னொரு கூட்டம். வரலாற்று ஆர்வலர் குழு ஒன்று அதை எடுத்துப் போட்டுக் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. கேமை முன்பதிவு செய்தவர்கள் ரத்து செய்வோம் என்று மிரட்டினார்கள். நான் பேராசிரியருக்கே உரிய நிதானத்தோடு எல்லாருக்கும் நன்றி தெரிவித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் சித்தி வீட்டுக்கு வந்து செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினாள். சத்தத்தைவிட அது பயமாக இருந்தது.

“கொம்ப எடுத்துட்டாங்கக்கா,” என்றாள். “திருவிழா மாதிரி வர்ற ஒரே ஒரு காட்சியில பூசாரி தலையில மட்டும் இருக்கும். வாளும் வலது பக்கம் வந்தாச்சு.”

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்குச் சம்பந்தமே இல்லாதது போலச் சிரித்துக்கொண்டேன்.

“என் பேரையும் எடுத்துட்டாங்க,” என்றாள் சித்தி.

அம்மாவுக்குப் புரியவில்லை. சித்தி உட்காராமலே சொன்னாள். டைரக்டர் மீட்டிங்கில் அந்தப் பேராசிரியர் எழுதியதை எழுந்து நின்று வாசித்திருக்கிறார். கேட்டீர்களா, இதுதான் அறிவு என்று அவளைப் பார்த்தே சொல்லியிருக்கிறார். ஆயுத ஆய்வு என்ற இடத்தில் இனி ஐயாவின் பெயர்தான் போக வேண்டுமாம், ஊர் வாயை அடைக்க அதுதான் வழியாம். ஐயா யார், எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்து அழைத்து வரும் பொறுப்பை யாரிடம் கொடுத்திருக்கிறார் என்றால், சித்தியிடமே.

“ரெண்டு வருஷமா அதே வார்த்தையத்தான் நான் சொன்னேன்,” என்றாள். “என் வாயில இருந்து வந்தப்ப சிரிச்சான். ஒரு கிழவன் வாயில இருந்து வந்ததும் எந்திரிச்சு நிக்கிறான்.”

என் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துவிட்டது. கொம்பை இழுத்த கையோடு அவள் பெயரையும் சேர்த்து இழுத்திருக்கிறேன். அந்த டைரக்டர் மேல் எனக்கு இருந்த கோபம் போய் ஒதுங்க ஓர் இடம் தேடி, என் பக்கமாகத் திரும்பியது.

“அந்தப் பெரியவரையே பாத்துச் சொல்லேன்,” என்றாள் அம்மா. “நல்ல மனுஷன் மாதிரி தெரியுது. உன் பேரையே போடச் சொல்லுவார்.”

“சொல்லத்தான் போறேன்.” சித்தி பின்னறைக்குப் போய்க் கேடயத்தைத் தூக்கி வந்து, பின்பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி என் முன்னால் நிறுத்தினாள். “ஏண்டி, இந்த முடிச்சு ஏன் இங்க இருக்கு?”

“கட்டைவிரலுக்கு வெளிய இருந்தாத்தானே கைய அழுத்தாது,” என்றேன். பாடப்புத்தகத்தில் எந்தக் கேள்விக்கும் நான் இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை.

“அவங்க அப்படித்தான் கட்டினாங்களா?”

“ஆமா சித்தி.”

“யாருக்குத் தெரியும்? தோலெல்லாம் மண்ணுல மக்கிப் போச்சு. முடிச்சோட ஒரு கேடயத்தக்கூட நான் பாத்ததில்ல. இது வரலாறு இல்லடி, இது உன் உள்ளங்கை.” கேடயத்தைச் சுவரில் சாய்த்தாள். “நான் கேம்ல வச்சதும் இதத்தான். ஆனா விளம்பரத்துல கேடயத்தோட பின்பக்கம் எந்த இடத்துலயும் வரல. ஆயுள் பூரா மண்ணத் தோண்டின மனுஷனுக்கு நம்ம வீட்டு முடிச்சு எப்படித் தெரிஞ்சுது?”

அம்மா என்னைப் பார்த்தாள். ரோமர்கள் ஏன் ஓடியிருப்பார்கள் என்று அந்த நிமிஷம் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஓட வழியில்லை, வாசல் அவள் பக்கம் இருந்தது.

சித்தி குனிந்து, வீங்கிக் காய்ந்திருந்த என் உள்ளங்கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, விட்டாள். கண்ணில் கோபம் அப்படியே இருந்தது.

“காலையில என்கூட ஆபீஸுக்கு வர்ற. டைரக்டர் எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்வார், வாங்கிக்கோ. அப்புறம் அந்த வார்த்தையெல்லாம் யாரு சொன்னதுன்னு உன் வாயாலயே சொல்லணும்,” என்றாள். “தாடி ஒட்டிக்கிட்டு வர்றீங்களா ஐயா, இல்ல இப்படியே வர்றீங்களா?”