அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த படம்

கொல்கத்தா நியூ டவுனில் பக்கத்து மாடியில் ஒருவர் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே, "எஷேச்சே?" என்று வங்காள மொழியில் கத்துகிறார். எனக்கு அப்பாவின் "வந்துச்சா?" கேட்கிறது.

அப்போது சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நாகப்பட்டினத்தில் பிறந்த அம்மா தமிழ்ச் சேனலுக்கு ஏங்கியதால், அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே மாடியில் டிஷ்ஷைப் பொருத்தினார். மதியம் திடீரென்று படம் தெளிந்தது. செய்தியில், நாகப்பட்டினத்தில் அம்மாவின் தம்பி குடியிருந்த தெருவுக்குள் கடல் புகுந்திருந்தது.

மாடியிலிருந்து அப்பா, "வந்துச்சா?" என்று கத்தினார்; அம்மா கீழே டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வராததால் அப்பா, "இன்னும் கொஞ்சம் திருப்பவா?" என்று கேட்டபடி திருப்பினார். படம் போய்விட்டது.

"ஐயோ, திருப்பாதீங்க! தம்பி வீடுங்க அது!" என்று அம்மா அலறினாள்.

இருட்டும்வரை அப்பா போராடியும் படம் வரவில்லை. மறுநாள் ஹவுராவில் ரயிலேறினோம். மாமாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை.