லைசென்ஸ் சாப்பிடப் போயிருந்த மதியம்

ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. எக்செல்லில் நிம்மதியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைமை அலுவலகத்துக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சாப்ட்வேர் வாங்கி, இனி அதில் வரும் அளவுக்குத்தான் ஆர்டர் என்றார்கள். எல்லா சைட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு லைசென்ஸ். ஒருவர் திறந்து வைத்திருந்தால் மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஊருக்கே ஒரு கக்கூஸ் கட்டிக்கொடுத்த புண்ணியவான்கள்!

வடக்குப்பட்டு ஷெட்டுக்குத் தளம் போடும் நாள். கம்பி வலை விரித்தாயிற்று. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மணிக்குள் அளவு சொல்லாவிட்டால் கான்கிரீட் வண்டிகள் வேறு சைட்டுக்குப் போய்விடும். மழை பிடித்தால் அடிமண் சேறாகி, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். சாப்ட்வேரைத் திறந்தேன். தலைமை அலுவலகத்தில் வேறொருவர் பயன்படுத்துகிறார் என்றது.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ரிசப்ஷன் பெண் எடுத்தாள்.

"சார் சாப்ட போயிகீறாரு சார். சிஸ்டம் ஓப்பன்லதான் கீது."

"நீ க்ளோஸ் பண்ணும்மா, புண்ணியமா போவும்!"

"ஐயோ, தொட்டா என்னை வுட மாட்டாரு சார்."

ரத்தம் கொதித்தது. இப்போது கம்பீரமாக அப்படி எழுதுகிறேன். அப்போதோ, ஹெல்மெட்டைத் தேடி சைட் முழுக்க ஓடினேன்.

"யோவ், அது உன் தலையிலதான் கீது. அளவு இன்னா ஆச்சு?" என்றார் ப்ராஜெக்ட் மேனேஜர். சொன்னேன்.

"சாப்ட்வேர் அளவு இல்லாம நான் ஓகே சொல்ல முடியாதுப்பா. என்னைத்தான் கேப்பானுங்க."

"வானத்தைப் பாருங்க சார்! மழை இன்னா லைசென்ஸ் வாங்கிக்கினா வருது?"

டேப்பை இழுத்து, கால்குலேட்டரைத் தட்டி, நானே ஆர்டர் சொன்னேன்.

"கொறஞ்சா?"

"என்னைத் தூக்கிப் போட்டு ரொப்பிக்கோங்க சார்."

குறையவில்லை. தளம் போட்டு, மேலே பந்தல் போல தார்ப்பாய் கட்டி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

மறுநாள் அதே அளவை சாப்ட்வேரில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். உடனே, முந்தின நாள் சாப்பிடப் போன மகராசன் வாட்ஸப் குரூப்பில் போட்டார்: "பாத்தீங்களா, சாப்ட்வேர் எவ்ளோ கரெக்ட்டு!" கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன.

பல்லைக் கடித்தேன். சாப்ட்வேரைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு படப்பைக்கு பிரியாணி சாப்பிடப் போனேன். பாதியில் போன் அடித்தது. அவர்தான். அடித்துக்கொண்டே இருந்தது. நான் இன்னொரு பிளேட் சொன்னேன்.