வாய் அசையாமல் எழுதிய பதில்

“கம்ப்யூட்டர் படிச்சா என்னா, கடசீல எவன் கடையிலயாவது பில்லு போடத்தான் போவுது இந்தப் பொண்ணு.”

சொன்னவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் சிதம்பரத்தில் பொறியியல் சேர்ந்த அன்று, குடிகாட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அப்பா கெமிக்கல் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராக இருக்கிறேன். அங்கிருக்கும் பழைய சர்வர் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போன மாதம் ஒரு சென்னை நிறுவனம் சிஸ்டம்ஸ் இன்ஜினியர் வேலைக்கு நடத்திய ஆன்லைன் தேர்வில் தேறினேன். அடுத்தது வீடியோ நேர்காணல். வீட்டில் நெட் விட்டு விட்டு வரும். அதனால் மாணவர்கள் வராத ஒரு சனிக்கிழமை, லேப் பொறுப்பாளரிடம் சாவி வாங்கிக்கொண்டு லேபிலேயே உட்கார்ந்தேன். மிச்ச வேலை இருக்கிறது என்று காரணம் சொல்லியிருந்தேன்.

திரையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அந்த அம்மாதான் கேட்டார். சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது, பெரிய லாக் ஃபைல் ஒன்றை அழித்தாயிற்று, ஆனாலும் இடம் காலியாகவில்லை, என்ன செய்வீர்கள்?

எங்கள் லேபில் இதே கோளாறு வந்திருக்கிறது. சந்தோஷத்தில் பேனாவை எடுத்துக் குனிந்து எழுத ஆரம்பித்தேன். எதை முதலில் பார்க்க வேண்டும், அது இல்லையென்றால் எது என்று வரிசையாக. எவ்வளவு நேரம் எழுதினேன் என்று தெரியவில்லை.

“லைன்ல இருக்கீங்களா?” என்றார் அந்த ஆண்.

தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தேன்.

“கீழ என்ன பாக்குறீங்க? கேமராவக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்க.”

எழுந்து லேப்டாப்பைத் தூக்கினேன். காலி நாற்காலிகள், சுவர், மின்விசிறி, கடைசியாக மேசைமேல் கிடந்த என் தாள். முகம் எரிந்தது. எந்தப் பரீட்சையிலும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தவள் இல்லை நான்.

பிறகு பதிலை ஒரே மூச்சில் சொன்னேன். அழித்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தித் தொடங்கினால் இடம் திரும்பக் கிடைக்கும். “பதில் சரிதான்” என்றார் அந்த அம்மா. “ஆனா நீங்க எப்படி யோசிச்சீங்கன்னு எங்களுக்குத் தெரியலையே.”

மூன்றாம் நாள் மறுப்பு மெயில் வந்தது.

ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் யோசிக்கும்போது உதடு அசைந்ததற்காக என் தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பக்கத்துப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறேனாம். அன்றிலிருந்து வாய் அசையாமல்தான் யோசிக்கிறேன். முழுப் பதிலும் கைக்கு வராமல் பேசக் கூடாது என்பதை ஒழுக்கம் என்றே நினைத்திருந்தேன். அதை வைத்தே என்னைத் திருடியாகப் பார்ப்பார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

வீட்டில் “இன்னும் ஒண்ணும் வரல” என்று சொல்லி வைத்தேன். நேர்காணலில் எழுதிய தாளைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்று ஒரு மெயில் எழுதினேன். அந்தத் தாளை அப்புறமாகக்கூட எழுதியிருக்கலாம்; அது எதையும் நிரூபிக்காது. மெயிலை அழித்துவிட்டேன். ஆனாலும், கேமராவைச் சுற்றச் சொன்ன குரல் பஸ்ஸில் போகும்போதெல்லாம் காதில் விழுகிறது.

போன ஞாயிறு மாமா வந்தார். “என்னா, மெட்ராஸ் ஆபீசரு. சீட்டு குடுத்தாங்களா?”

“குடுக்கல மாமா. ஃபெயில்.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமா சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“எதுனால?”

“பேசாம ஒக்காந்து எழுதிட்டேன். காப்பி அடிக்கிறன்னு நெனச்சிட்டாங்க.”

“என்னாண்ட மட்டும் வாய் ஜாஸ்தியா பேசுவ.”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அவரிடம் பேசும்போது நான் யோசித்துவிட்டுப் பேசுவதில்லை. என்னை நம்பாமல் குறுக்கே குறுக்கே கேட்கிறவர் இந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அவரிடம் உதவி கேட்பது நாக்கில் கசந்தது.

“எதுத்தாப்ல ஒக்காரு மாமா. நான் சொல்றத நம்பாத. கேட்டுக்கினே இரு.”

“அதுக்கு சம்பளம் உண்டா?” என்றபடியே உட்கார்ந்தார்.

சர்வர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். “மொதல்ல நெட்வொர்க் இருக்குதான்னு பாப்பேன்.”

“ஏன் அத மொதல்ல?”

“அது சட்டுனு பாத்துடலாம். அதுல இல்லன்னா...” நிறுத்தினேன். கை தானாகப் பேனாவைத் தேடியது.

“என்னாத்த எழுதற? வாயத் தொற.”

அரை மணி நேரத்தில் தொண்டை வறண்டுவிட்டது. நான்கு இடத்தில் தடுமாறினேன். ஒன்றைத் தப்பாகச் சொல்லி, சொல்லும்போதே தெரிந்து, சத்தமாகத் திருத்தினேன். உடம்பெல்லாம் கூசியது.

“பில்லு போடறதுக்கு இம்மாம் பேச்சு வேணாம்” என்று சொல்லிவிட்டு ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வேறொரு நிறுவனம் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறது. வருகிறேன் என்று உறுதி செய்துவிட்டேன். லேப் பொறுப்பாளரிடம் இன்று விடுப்புக் கடிதமும் கொடுத்தாயிற்று. அதில் காரணம் என்ற இடத்தில், இந்த முறை, ‘வேலைக்கான நேர்காணல்’ என்றே எழுதியிருக்கிறேன்.